தீபாவளிப் பத்து நாள்: மருந்துக்கடையில் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி பிறந்ததும் மருந்துக்கடைக்கு வருகிறவர்களின் கேள்விகள் மாறிவிடும். சீட்டை நீட்டிக்கொண்டே "அப்படியே ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பார்கள். லேகியம், சுகர், பட்டாசுப் புண், வயிற்றுப்போக்கு, விரதம் என்று பல வருடங்களாக ஒரே கேள்விகள்தான், ஆட்கள்தான் மாறுகிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன். கவுண்டரில் அவசரமாகச் சொல்வதை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நான் மருந்தாளுநர், மருத்துவர் இல்லை. உங்கள் மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதே செல்லும். இன்னொன்று: எல்லாரும் பலகாரத்தைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். ஆனால் பண்டிகை முடிந்து உடம்பு சரியில்லை என்று வருகிறவர்களிடம் விசாரித்தால் கதை அதிரசத்தோடு நிற்பதில்லை. இரண்டு நாள் மாத்திரையை விட்டிருப்பார்கள், இரவெல்லாம் விழித்திருப்பார்கள், வேளை தவறிச் சாப்பிட்டிருப்பார்கள். கீழே உள்ள பதில்கள் பலவும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வரும்.

சுகர் இருக்கு. தீபாவளி அன்னைக்குக்கூட ஒரு ஸ்வீட் தொடக்கூடாதா?

சர்க்கரை கட்டுப்பாட்டில் இருப்பவர் ஒன்று சாப்பிட்டால் குடி முழுகிப்போகாது. எப்போது சாப்பிடுகிறோம், எதைக் குறைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம் என்பதுதான் கணக்கு. விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஜாங்கிரியைப் போடுவதைவிட, காயும் பருப்பும் கறியும் உள்ளே போன பிறகு சாப்பாட்டின் முடிவில் சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாக ஏறும். அந்த வேளைக்கு இட்லியில் ஒன்றோ சோற்றில் ஒரு கரண்டியோ குறைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது நல்ல பலன் தரும். பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு கொண்டுபோகும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

தட்டில் வைத்துச் சாப்பிட்ட ஸ்வீட்டைவிட, போகும்போதும் வரும்போதும் டப்பாவைத் திறந்து எடுப்பதுதான் ஆளைக் கவிழ்க்கும். முறுக்கு, தட்டை, மிக்சர் எல்லாம் இனிக்காது என்பதால் யாரும் கணக்கில் வைப்பதில்லை. அரிசி மாவு வயிற்றுக்குள் போனால் அதுவும் சர்க்கரைதான், கூடவே எண்ணெய். பி.பி. உள்ளவர்களுக்கு உப்பும் சேர்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராம், அதாவது சுமார் ஒரு டீஸ்பூன் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். மிக்சரும் ஊறுகாயும் கறிக்குழம்பும் சேர்ந்த நாளில் அது எப்போதோ தாண்டியிருக்கும்.

வெல்லத்துல செஞ்ச அதிரசம்னா சுகர் ஏறாதுல்ல? இல்லன்னா சுகர் ஃப்ரீ ஸ்வீட் வாங்கிக்கலாமா?

ஏறும். 100 கிராம் வெல்லத்தில் ஏறக்குறைய 85 கிராம் சர்க்கரைதான். மிச்சத்தில் கொஞ்சம் ஈரமும் கொஞ்சம் தாதுக்களும் இருக்கும். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட இதே பதில். ருசிக்காகச் சாப்பிடுங்கள். மருந்து மாதிரி நினைத்து இரண்டு கூடுதலாகச் சாப்பிடாதீர்கள்.

சுகர் ஃப்ரீ என்று அட்டையில் போட்டிருப்பதில் வெள்ளைச் சர்க்கரை மட்டும்தான் இருக்காது. மைதா, கோவா, நெய் எல்லாம் வழக்கம்போல இருக்கும். இனிப்புக்கு மால்டிட்டால், சார்பிட்டால் சேர்த்த ரகங்களை நாலைந்து சாப்பிட்டால் வயிறு உப்பிப் பேதியாகும். என்னைக் கேட்டால், பிடித்த உண்மையான ஸ்வீட்டில் பாதி சாப்பிடுவது மேல்.

ஸ்வீட் சாப்பிடுற நாள் மட்டும் சுகர் மாத்திரையை ரெண்டா போட்டுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். கிளிமெபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைப்பவை. ஸ்வீட்டால் ஏறிய சர்க்கரை இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கத் தொடங்கும். இரண்டாகப் போட்ட மாத்திரையோ அதற்குப் பிறகும் வேலை செய்துகொண்டிருக்கும். மதியம் வயிறு நிறைந்ததால் ராத்திரி சாப்பிடாமல் படுப்பவருக்கு நடுராத்திரியில் சர்க்கரை தடாலென்று விழும். மெட்ஃபார்மினை இரட்டிப்பாகப் போட்டால் வயிறு கலங்குவதுதான் மிச்சம். இன்சுலின் போடுபவர்கள் அளவை மாற்றுவதானால் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை விழும்போது வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத எரிச்சல், பேச்சில் குழறல் வரும். மீட்டர் இருந்தால் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் சேர்ந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம்: சாதாரணச் சர்க்கரை உடைந்து சேர்வதையே அந்த மருந்து தாமதப்படுத்துகிறது. அதனால் சர்க்கரையோ லட்டோ கொடுத்தால் பலன் மெதுவாகத்தான் வரும். குளுக்கோஸ் பொடி ஒரு டப்பா வீட்டில் இருக்கட்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சா சளி பிடிக்குமா? கைக்குழந்தைக்குத் தேய்க்கலாமா?

சளி வைரஸால் வருவது. எண்ணெய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. ஏற்கெனவே காய்ச்சல் இருந்தால் மட்டும் பேருக்கு உச்சந்தலையில் ஒரு சொட்டு வைத்துவிட்டு வெந்நீரில் குளித்தால் போதும்.

கைக்குழந்தைக்கு உடம்பில் லேசாகத் தேய்க்கலாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் பழக்கம்தான் ஆபத்தானது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும், அது சாமானியமாக ஆறாது. எத்தனை தலைமுறையாகச் செய்தாலும் இதை விட்டுவிடுங்கள். குளிப்பாட்டிய பிறகு மூடிய அறையில் சாம்பிராணிப் புகை போடுவதும் வேண்டாம்.

பெரியவர்கள் விஷயத்தில் என் கவலை குளியலறைத் தரைதான். நாலு மணி இருட்டு, எல்லாரும் எண்ணெயோடு போய்வந்த தரை, கண்ணில் சீயக்காய். எழுபது வயதில் ஒரு முறை வழுக்கினால் இடுப்பெலும்பு போய்விடும். தாத்தா, பாட்டியை முதலில் குளிக்க விடுங்கள், அல்லது நன்றாக விடிந்த பிறகு. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் போட்டுவிடுங்கள்.

கடையில வாங்கின ஸ்வீட் எத்தனை நாள் வச்சுக்கலாம்?

பால் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் தீர்க்க வேண்டும். ரசகுல்லா, ரசமலாய் வகையறாவை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள். பால்கோவா, பேடா மூன்று நான்கு நாள். முந்திரி கேக், நெய் மைசூர்பாகு ஒரு வாரம். முறுக்கு, தட்டை காற்றுப் புகாத டப்பாவில் இருந்தால் அதற்கு மேலும் தாங்கும், ஆனால் எண்ணெய் சிக்கு வாடை வந்தால் தூக்கிப் போடுங்கள். சில்லறையாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று தட்டின் மேல் எழுதிவைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் உள்ள விதி. இல்லை என்றால் கேளுங்கள். ஆபீஸில் கொடுத்த பாக்ஸ் மேசையில் எத்தனை நாள் இருந்தது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வீட்டில் பலகாரம் சுட்ட எண்ணெயைப் பற்றியும் கேட்பார்கள். வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிக்கவோ தோசைக்கோ பயன்படுத்தித் தீர்த்துவிடலாம். கறுத்து, நுரைத்து, சீக்கிரமே புகைகிற எண்ணெயை மறுபடி அடுப்பில் ஏற்றாதீர்கள். புது எண்ணெய் ஊற்றிக் கலந்தாலும் பழசு பழசுதான்.

வயித்துப்போக்கு புடிச்சுக்கிச்சு. நிக்கிறதுக்கு ஒரு மாத்திரை குடுங்க.

தீபாவளிக்கு மறுநாள் மிக அதிகமாகக் கேட்கும் வாசகம் இதுதான். காலையில் இட்லியோடு சாப்பிட்ட கறிக்குழம்பு அடுப்பு மேடையிலேயே இருந்து, மதியம், இரவு என்று திரும்பத் திரும்ப வருகிறது. நம் ஊர் வெப்பத்தில் சமைத்த கறியும் சோறும் தேங்காய்ச் சட்னியும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. சுடவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். வெளியே கிடந்த சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நச்சு, மறுபடி கொதிக்கவைத்தாலும் போகாது.

நிறுத்தும் மாத்திரைக்கு முன்னால் வேண்டியது ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர், சின்னதென்றால் 200 மில்லி. கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும் என்று தண்ணீரைக் குறைத்தால் பேதி கூடும். அட்டைப் பெட்டியில் பழ ருசியோடு வரும் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகாது, சர்க்கரை அதிகம். அவற்றின் மேல் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பாக்கெட்டின் பின்னால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று இருக்கிறதா பாருங்கள். சுகர் உள்ளவர்களும் பேதியின்போது இதைக் குடிக்கலாம்.

மலத்தில் ரத்தம், கூடவே காய்ச்சல், குடித்த தண்ணீரும் நிற்காத வாந்தி, குழந்தை மணிக்கணக்கில் சிறுநீர் போகாதது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைதான். குழந்தைகளுக்கு நிறுத்தும் மாத்திரை கொடுக்கவே கூடாது. முந்தைய தடவை மிஞ்சிய ஆன்டிபயாடிக்கையும் தேடாதீர்கள்.

எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டதுல நெஞ்சை அடைக்குது. வாயுதானே?

பெரும்பாலும் வாயுதான். அந்தப் 'பெரும்பாலும்'தான் பிரச்சினை. புளிச்ச ஏப்பம், சாப்பிட்டுப் படுத்தால் கூடும் எரிச்சல், ஜெல் குடித்ததும் குறைவது என்றால் அசிடிட்டி என்று எடுத்துக்கொள்ளலாம். பேண்டோபிரசோல் போன்ற மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட்டால்தான் முழுப் பலன். நெஞ்சு எரியும்போது போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று குறை சொல்கிறவர்கள் அநேகம்.

வியர்த்துக் கொட்டுவது, இடது கை, தாடை, முதுகு என்று வலி பரவுவது, மாடிப்படி ஏறினால் இறுக்கம் கூடுவது, மூச்சு வாங்குவது என்றால் சோடா குடித்து நேரத்தை வீணாக்காதீர்கள், ஈ.சி.ஜி. எடுங்கள். சுகர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் பெரிய வலியே இல்லாமல் வெறும் அசதி, குமட்டலோடு மாரடைப்பு வருவதுண்டு. பண்டிகை நாளில் வீட்டாரைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று பொறுத்துக்கொள்வது நம் ஆட்களின் குணம். மாரடைப்பில் அந்தப் பொறுமை ஆளைக் கொல்லும். டாக்டர் பார்த்துவிட்டு வாயு என்றால் திரும்பி வந்து நிம்மதியாகச் சாப்பிடலாம்.

பட்டாசு சுட்டுட்டா டூத் பேஸ்ட் தடவலாமா? எங்க வீட்ல இங்க் ஊத்துவாங்க.

பேஸ்ட், இங்க், மாவு, மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்து, சாதாரணக் குளிர்ந்த தண்ணீர் 20 நிமிடம் ஓடட்டும். 20 நிமிடம் நீளமாகத் தெரியும், இரண்டாவது நிமிடத்திலேயே எரிச்சல் நின்றது என்று கையை எடுத்துவிடுவார்கள். எடுக்க விடாதீர்கள். தோலுக்கு அடியில் சூடு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். உடனே செய்ய முடியாமல் போனாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. மோதிரம், வளையல், கொலுசை வீங்குவதற்கு முன்னால் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். மேலே பேஸ்ட் பூசிக்கொண்டு வந்தால் ஆழம் எவ்வளவு என்று டாக்டரால் பார்க்க முடியாது. அதை வழித்தெடுக்கும்போது இருக்கும் வலி தனி.

முகம், கை, மூட்டு, மறைவிடத்தில் பட்ட காயம், உள்ளங்கையைவிடப் பெரிய காயம், வெளுத்தோ கருகியோ போய் வலியே தெரியாத காயம், குழந்தைக்குப் பட்ட எந்தக் காயமானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு. டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று ஞாபகம் வைத்துக்கொண்டு போங்கள்.

பெரியவர்கள் அசட்டையாக விடுவது மத்தாப்புக் கம்பி. அணைந்த கம்பியும் சில நிமிடம் கொதித்துக்கொண்டுதான் இருக்கும், குழந்தை செருப்பில்லாமல் மிதிக்கும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக் கம்பியை அதில் போடச் சொல்லுங்கள். புதுத் துணிதான் போடுவேன் என்று அடம்பிடித்தால் பருத்தியாக இருக்கட்டும். நைலான் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

கண்ணுல பட்டுடுச்சு. கழுவலாமா, கூடாதா?

எது பட்டது என்பதைப் பொறுத்தது. மருந்துத் தூளோ சாம்பலோ விழுந்திருந்தால் சுத்தமான தண்ணீரில் 15 நிமிடமாவது தொடர்ந்து கழுவுங்கள். துண்டு ஏதாவது தெறித்து அடித்திருந்தால், ரத்தம் வந்தால், பார்வை மங்கினால் கழுவவும் கூடாது, அழுத்தவும் கூடாது. பேப்பர் கப்பின் அடிப்பாகத்தைக் கண்ணைத் தொடாதபடி மேலே கவிழ்த்து ஒட்டிக்கொண்டு கண் மருத்துவமனைக்கு ஓடுங்கள். இரண்டு வகையிலும் கசக்கக் கூடாது. பழைய சொட்டு மருந்து பாட்டிலைத் திறக்கவும் கூடாது.

எனக்கு வீசிங் இருக்கு. ஈரத்துணியைக் கட்டிக்கிட்டா போதுமா?

போதாது. பட்டாசுப் புகையில் உள்ள நுண்துகள் துணியைத் தாண்டிவிடும். முகத்தில் ஒட்டி உட்காரும் என்95 மாஸ்க் ஓரளவு தடுக்கும். தமிழ்நாட்டில் 2018 முதல் வெடிக்க அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. தெரு அந்தக் கடிகாரப்படி நடப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். இரவு முழுக்க ஜன்னலை மூடிவையுங்கள். மறுநாள் விடியற்காலையில் நடைப்பயிற்சியும் வேண்டாம், புகை தரையோடு தங்கியிருக்கும் நேரம் அது.

மாஸ்க்கைவிட முக்கியம், தினமும் எடுக்கச் சொன்ன இன்ஹேலரைப் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தவறாமல் எடுப்பது. இழுப்பு வந்த பிறகு எடுக்கும் சால்பியூட்டமால் வேறு, வராமல் காக்கும் புடெசொனைடு வகை வேறு. இரண்டாவதுக்குப் பலன் தெரிய நாள் பிடிக்கும். நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி மறுபடி இன்ஹேலர் தேவைப்பட்டால், பேச மூச்சு போதவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சத்தம் வராததெல்லாம் சாது என்று நினைத்துப் பாம்பு மாத்திரையைக் குழந்தைகள் கையில் கொடுக்கிறோம். புனேயில் 2016-ல் அளந்து பார்த்தபோது சின்னப் பட்டாசுகளில் அதிகமான நுண்துகளைக் கக்கியது அதுதான். குழந்தை குனிந்து முகத்தைக் கிட்டே வைத்துக்கொண்டுதான் அதைப் பார்க்கும். வாயில் போட்டு விழுங்கியும்விடும். விழுங்கினால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

காய்ச்சலோட ஊருக்குப் போறேன். உடம்பு வலிக்கும் சேர்த்து நல்லா கேக்குற மாத்திரையா ஒண்ணு குடுங்களேன்.

நல்லா கேட்கிற மாத்திரை என்று நீங்கள் நினைப்பது டைக்ளோஃபெனாக்கோ ஐபுபுரூஃபெனோ. அதைக் கொடுக்க மாட்டேன். தீபாவளி வருவது வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில், டெங்கு கிளம்பும் காலம். டெங்குவாக இருந்தால் அந்த மாத்திரைகளும் ஆஸ்பிரினும் ரத்தக் கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும் போதும், அளவோடு. நிறையத் தண்ணீர், கஞ்சி, இளநீர் குடியுங்கள்.

டெங்குவில் கவனிக்க வேண்டிய கட்டம் காய்ச்சல் விடும்போது வருகிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு இறங்கும். தேவலை என்று பலகாரம் சாப்பிட உட்காரும் நேரத்தில் கடுமையான வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுவது, தூக்கக் கலக்கம் வந்தால் உடனே சேர்க்க வேண்டும். ஊரில் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஊருக்குக் கிளம்பும் முன் வீட்டில் வாளி, ஃபிரிட்ஜின் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டில் உள்ள தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். டெங்கு கொசு வளர்வது அந்த மாதிரித் தண்ணீரில்தான்.

ஊருக்குப் போறப்போ இன்சுலினை எப்படிக் கொண்டு போறது?

திறந்து பயன்படுத்துகிற இன்சுலினுக்கு ஃபிரிட்ஜ் கட்டாயமில்லை. 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் பெரும்பாலான வகைகள் சுமார் 28 நாள் தாங்கும், உங்களுடையதற்கு அட்டையைப் பாருங்கள். பஸ்ஸின் அடியில் லக்கேஜ் வைக்கும் இடமும், நிறுத்தி வைத்த காரும் கூடாது. கைப்பையில் வையுங்கள். ஐஸ் கட்டியை நேராக ஒட்டி வைத்து உறைந்துபோனால் அதைத் தூக்கிப்போட வேண்டியதுதான். கிராமத்தில் ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால், மண்பானையில் மணலும் தண்ணீரும் விட்டு, அதற்குள் ஒரு சின்னப் பாத்திரத்தில் மருந்தை நனையாமல் வைக்கலாம்.

மாத்திரைக்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: போகிற நாளை எண்ணி எடுக்காதீர்கள், நாலைந்து நாளுக்குக் கூடுதலாக எடுங்கள். பஸ் கிடைக்காது, லீவு நீளும், அந்த ஊர்க் கடை மூடியிருக்கும். சீட்டை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "வெள்ளையா, வட்டமா ஒரு பி.பி. மாத்திரை" என்றால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு வேளை விட்டுவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போட வேண்டாம். காரணம் மேலே சுகர் மாத்திரைக்குச் சொன்னதுதான்.

நாலு மணிக்கு எந்திரிச்சா தைராய்டு மாத்திரை, லேகியம், காபி... எது முதல்ல?

நல்ல கேள்வி, பண்டிகை அன்று பலர் மாத்திரையையே விட்டுவிடுவது இந்தக் குழப்பத்தில்தான். எழுந்ததும் வெறும் தண்ணீரில் தைராய்டு மாத்திரை. பிறகு எண்ணெய் தேய்த்து, ஊறி, குளித்து, புதுத்துணி கட்டி வருவதற்குள் எப்படியும் அரை மணிக்கு மேல் ஆகிவிடும். அப்புறம் லேகியம், அப்புறம் காபி, பலகாரம். சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் நான்கு மணி நேரம் தள்ளி.

லேகியம் எல்லாருக்கும் நல்லதா என்றும் கூடவே கேட்பார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், சித்தரத்தை எல்லாம் செரிமானத்துக்குச் சேர்த்தவை. சுண்டைக்காய் அளவு சாப்பிட்டால் தொந்தரவில்லை. ஆனால் அதைக் கட்டிநிறுத்துவது வெல்லமும் நெய்யும் நல்லெண்ணெயும். ருசியாக இருக்கிறதென்று கிண்ணத்தில் போட்டுச் சாப்பிட்டால், வெல்லத்துக்கு மேலே சொன்ன பதில்தான். குடல் புண் உள்ளவர்களுக்குக் காரம் எரியும். சில வீட்டுப் பக்குவத்தில் அதிமதுரம் கூடுதலாகச் சேரும். அது அளவு மிஞ்சினால் பி.பி. ஏறும், பொட்டாசியம் இறங்கும். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தேன் சேர்த்த லேகியத்தை நாக்கில் தடவ வேண்டாம்.

சரக்கு அடிக்கிற அன்னைக்கு மட்டும் மாத்திரையை விட்டுடவா?

வெளிப்படையாகக் கேட்டதற்கு நன்றி, பலர் கேட்காமலே விடுகிறார்கள். மாத்திரையை விட்டுக் குடிப்பது இரட்டைத் தவறு. விட வேண்டியது குடியை. பி.பி. மாத்திரையை விட்டுக் குடித்தால் அழுத்தம் இரண்டு பக்கமும் ஏறும். கிளிமெபிரைடோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் குடித்தால், கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுவது தடைப்பட்டு, தூக்கத்தில் சர்க்கரை விழும். போதையில் கிடக்கிறார் என்று வீட்டில் எழுப்பாமல் விட்டுவிடுவார்கள். மெட்ரோனிடசோல், டினிடசோல் என்ற ஆன்டிபயாடிக் எடுப்பவர்கள் மருந்து முடிந்தும் மூன்று நாள் தொடக் கூடாது. தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரையோடு குடித்தால் மூச்சே மந்தமாகும். மறுநாள் தலைவலிக்கு பாராசிட்டமாலை வரிசையாகப் போட்டால் கல்லீரலுக்குத் தண்டனை.

எப்போதாவது குடிப்பவருக்கு இதயம் சம்பந்தமே இல்லை என்று நினைக்க வேண்டாம். விடுமுறையில் அளவு மீறிக் குடித்தவர்களுக்கு இதயத்துடிப்பு தாறுமாறாவதைப் பார்த்து, 1978-லேயே அமெரிக்க மருத்துவர்கள் அதற்கு 'ஹாலிடே ஹார்ட்' என்று பெயர் வைத்தார்கள்.

கேதார கௌரி விரதம், அப்புறம் கந்த சஷ்டி ஆறு நாள். சுகர் மாத்திரை போட்டுக்கிட்டு விரதம் இருக்கலாமா?

சிலர் இருக்கலாம், சிலர் இருக்கவே கூடாது. மருந்தைப் பார்க்காமல் யாரும் பொதுவாகச் சொல்ல முடியாது. தினம் பல முறை இன்சுலின் போடுபவர்கள், அடிக்கடி சர்க்கரை விழுபவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் முழுப் பட்டினி வேண்டாம். ஒரு வேளை பட்டினி என்றாலும் கிளிமெபிரைடு வகையை வழக்கமான அளவில் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை விழுவது நிச்சயம் போல. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு வேறு மாதிரி ஆபத்து: பட்டினியில் உடம்பு கொழுப்பை எரித்து ரத்தத்தில் அமிலம் சேரும், மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலே. வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு வந்தால் விரதத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எந்த மருந்தை எந்த நாளில் நிறுத்துவது, குறைப்பது என்று ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விரதத்தின்போது விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் விரதம் முறிந்துவிடாது. 70-க்குக் கீழே அல்லது 300-க்கு மேலே போனால் அன்றைக்கு விரதத்தை முடித்துவிட வேண்டும். பாலும் பழமும் மட்டும் என்று இருப்பவர்கள் ஒரே நேரத்தில் நாலு வாழைப்பழம் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிடுங்கள். சூரசம்ஹாரம் முடிந்ததும் வயிறு முட்டச் சாப்பிடுவதையும் பார்க்கிறேன். அன்றைக்கும், முதல் ஸ்வீட் கேள்விக்குச் சொன்ன அதே வரிசைதான்: காய், பருப்பு முதலில்.

எல்லாம் முடிஞ்சுது. டீடாக்ஸ் ஜூஸ் ஏதாவது இருக்கா? பிளட் டெஸ்ட் எப்போ எடுக்கலாம்?

ஜூஸ் வேண்டாம். கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. டப்பாவில் மிச்சம் இருக்கும் பலகாரத்தை வேலைக்கு வருகிற அக்காவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கெடுவதற்கு முன் கொடுத்துவிட்டு, வழக்கமான ரசம் சோற்றுக்குத் திரும்பினாலே போதும்.

டெஸ்ட் விஷயத்தில் ஒரு தந்திரம் நடக்கும்: தீபாவளி சாப்பாட்டின் கணக்கு தெரிந்துவிடும் என்று டாக்டரிடம் போவதைத் தை மாசத்துக்குத் தள்ளுவார்கள். ஹெச்பிஏ1சி டெஸ்ட் காட்டுவது ரத்தச் சர்க்கரையின் சுமார் மூன்று மாதச் சராசரி, நாலு நாள் அதிரசத்தால் அது தலைகீழாகாது. கூடுதலாக இருந்தால் ஆடி, ஆவணியிலிருந்தே கூடுதல் என்று அர்த்தம். கொழுப்புப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு மட்டும் சமீபத்திய சாப்பாட்டுக்கும் குடிக்கும் எகிறும். அதற்காக இரண்டு வாரம் வழக்கமாகச் சாப்பிட்டுவிட்டு எடுக்கலாம். இடையில் அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், மங்கலான பார்வை, ஆறாத பட்டாசுப் புண் இருந்தால் இரண்டு வாரமும் வேண்டாம், நாளைக் காலையே போங்கள். போகும்போது இந்தப் பத்து நாளில் எத்தனை வேளை மாத்திரையை விட்டீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், இருக்கிற மாத்திரை போதவில்லை என்று நினைத்து அவர் இன்னொன்றைச் சேர்த்து எழுதுவார்.